ஆரின்ர இடப்பக்கம்? ரோட்டில இடம், வலம், லேன் எல்லாம் விளங்கிற மாதிரி

போன ஆவணி கனடாவில இருந்து வந்த சித்தப்பா வவுனியாவில ஒரு வான் எடுத்து தானே ஓடிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வெளிக்கிட்டார். மாங்குளம் சந்திக்குக் கிட்ட நிப்பாட்டி கிளிநொச்சியில இருக்கிற அத்தானுக்குப் போன் எடுத்து "தம்பி, முல்லைத்தீவு ரோட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேணும்" எண்டு கேட்டார், அத்தானும் "லெப்டில திரும்புங்கோ மாமா" எண்டு உடன சொல்லிட்டார். சித்தப்பா லெப்டில திரும்பினார். கொஞ்ச நேரத்தால மல்லாவி, துணுக்காய் எண்டு போர்ட் வரத் தொடங்கினாப் பிறகு தான் திரும்பப் போன் வந்தது.

பேந்து வீட்டில எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடிக்கேக்க பெரிய வாக்குவாதம். அத்தான் சொல்லுறார் தான் சொன்னது சரி எண்டு, சித்தப்பா சொல்லுறார் தான் திரும்பினது சரி எண்டு. ரெண்டு பேரும் சொன்னது உண்மை தான். அத்தான் ஒவ்வொரு கிழமையும் கிளிநொச்சியில இருந்து தெற்க போய் மாங்குளத்தில லெப்டில திரும்பித் தான் முல்லைத்தீவுக்குப் போறவர். சித்தப்பா வவுனியாவில இருந்து வடக்க பார்த்து வந்தவர், அவருக்கு அதே ரோட் ரைற்றில இருக்குது.

இந்த மாதிரி விசயம் எங்கட பக்கம் நாளாந்தம் நடக்குது. "நீ இடம் வலம் தெரியாத ஆள்" எண்டு ஒருத்தரை ஒருத்தர் பகிடி பண்ணிப் போட்டு விட்டிடுவம், ஏன் குழம்புது எண்டு ஆரும் இருந்து கதைக்கிறேல்ல. லேன் எண்ட சொல்லும் இப்பிடித் தான், வீடியோவில பார்த்து ஆளுக்கொரு மாதிரிச் சொல்லினம். வாகனம் ஓடப் பழக லேனர்ஸுக்குப் போற பெடியள் பெட்டையளுக்கு இது அடியில இருந்து விளங்கினா நல்லது எண்டு தான் எழுதிறன்.

வரம்பில எதிரெதிரா வாற ரெண்டு பேர்

ரோட்டை விடுங்கோ, முதல் வயல் வரம்புக்கு வாங்கோ. நீங்கள் உரப் பையோட ஒரு பக்கத்தால வாறியள், எதிரில பக்கத்து வயல்க்காரர் மண்வெட்டியோட வாறார். நீங்கள் ஒரு பக்கம் ஒதுங்க அவரும் அதே பக்கம் ஒதுங்குவார், திரும்ப மற்றப் பக்கம் ஒதுங்க அவரும் மற்றப் பக்கம், ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு நிண்டிடுவியள். எல்லாருக்கும் நடந்திருக்கும்.

இதுக்கு ஒரு விதி போடுவம் எண்டு வையுங்கோ. "எல்லாரும் கிழக்குப் பக்கம் ஒதுங்க வேணும்" எண்டு போட்டா என்ன நடக்கும்? ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி திரும்ப முட்டுவினம், ஏனெண்டால் கிழக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கிழக்குத் தான். ஆனா "எல்லாரும் தங்கட தங்கட இடப்பக்கம் ஒதுங்கோ" எண்டு சொல்லிப் பாருங்கோ. வடக்க பார்த்து வாறவருக்கு இடப்பக்கம் மேற்கு. தெற்க பார்த்து வாறவருக்கு இடப்பக்கம் கிழக்கு. ஒருத்தர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம், முட்டாமப் போகலாம். ஒரே ஒரு வசனம், ஆனா எதிரெதிரா வாற ரெண்டு பேரையும் தன்பாட்டில பிரிச்சு விடுது.

ஏ9 ரோட்டில நடக்கிறதும் இது தான். யாழ்ப்பாணம் போற பஸ் ரோட்டின்ர மேற்குப் பாதியில போகுது, கண்டிப் பக்கம் போற பஸ் கிழக்குப் பாதியில வருது, ரெண்டு ட்ரைவரும் தங்கட இடப்பக்கத்தில தான் நிக்கினம். அதால "ரோட்டின்ர இடப்பக்கம்" எண்டு தனிய ஒரு பக்கம் கிடையாது. ரோட்டுக்கு முகம் இல்லை. அதில போற ஆளுக்குத் தான் முகம் இருக்குது.

முன்பக்கம் தெரியாம இடம் வலம் சொல்ல ஏலாது

மேல, கீழ எண்டது லேசு. தண்ணி விழுற பக்கம் கீழ, ஆர் பார்த்தாலும் கீழ தான். முன், பின் கூட லேசு, மூக்கு இருக்கிற பக்கம் முன். இடம் வலம் அப்பிடி இல்லை, அது ரெண்டு விசயம் தெரிஞ்சாப் பிறகு தான் பிறக்குது: எது மேல, எது முன். மேல எது எண்டது எல்லாருக்கும் ஒண்டு தான், முன் எது எண்டதில தான் ஆளுக்காள் மாறும். அதால ஆராவது "இடப்பக்கம்" எண்டு சொன்னா மனசில உடன வரவேண்டிய கேள்வி, எதின்ர முன்பக்கத்தை வைச்சுச் சொல்லுறார் எண்டது.

எங்கட பழைய ஆக்கள் இதை நல்லா விளங்கி வைச்சிருந்தவை. மாட்டு வண்டிலில நுகத்தில பூட்டிற ரெண்டு மாட்டையும் இடத்தன், வலத்தன் எண்டு சொல்லுவினம். முன்னுக்கு நிண்டு மாட்டின்ர முகத்தைப் பார்க்கிற ஆளுக்கு இடத்தன் அவரின்ர வலக்கைப் பக்கமாத் தான் தெரியும், எண்டாலும் அது இடத்தன் தான், பெயர் மாறாது. வண்டில் போற பக்கம் தான் முன். அதை வைச்சுத் தான் பெயர்.

வாகனப் பார்ட்ஸுக்கும் இதே கணக்குத் தான். ட்ரைவர் சீற்றில இருந்து முன்னுக்குப் பார்க்கேக்க உங்கட இடக்கைப் பக்கம் இருக்கிறது இடது ஹெட் லைற். கனபேர் வாகனத்துக்கு முன்னால போய் நிண்டு, உடைஞ்ச லைற்றைப் பார்த்து, தங்கட கைக்கணக்கில "லெப்ட்" எண்டு கடைக்குச் சொல்லிப்போட்டு மாறின பக்கத்தைக் கொண்டு வருவினம். எங்கட ஊரில ஒரு தம்பி ஓட்டோவுக்கு சைட் கண்ணாடி வாங்கப் போய் இதால ரெண்டு தரம் பஸ் ஏறினவன். பார்ட்ஸ் கடைக்குப் போன் எடுக்க முதல் ட்ரைவர் சீற்றில ஒருக்கா ஏறி இருந்திட்டுச் சொல்லுங்கோ, காசும் மிச்சம் நேரமும் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித் தான், டொக்டர் உங்களுக்கு முன்னால இருந்துகொண்டு "இடது கால்" எண்டு எழுதினா அது உங்கட இடது கால், அவருக்குத் தெரியிற பக்கம் இல்லை.

ஆனா போட்டோவுக்கு மட்டும் கணக்கு மாறும். பேப்பரில குறூப் போட்டோவுக்குக் கீழ "இடமிருந்து வலம்" எண்டு பெயர் போட்டிருந்தா அது பார்க்கிற எங்கட இடம். படத்தில நிக்கிற ஆளின்ர இடம் இல்லை. ஏனெண்டால் கடுதாசி தான் இப்ப பொருள், அதை வாசிக்கிற ஆளின்ர கை தான் கணக்கு.

இனி எனக்கு ஆகப் பிடிச்ச உதாரணம், இரணைமடு. வட மாகாணத்தின்ர ஆகப் பெரிய குளம், அதில இருந்து இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால் எண்டு ரெண்டு பக்கம் தண்ணி போகுது. வெளியூர் ஆக்கள் வந்து குளக்கட்டில ஏறி தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிண்டு, இடக்கைப் பக்கத்தைக் காட்டி "அப்ப இது தானே இடதுகரை" எண்டு கேப்பினம். அது வலதுகரைப் பக்கம். தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிண்டா நீங்கள் தெற்க பார்க்கிறியள். ஆறு, குளம், வாய்க்காலுக்கு முன்பக்கம் எண்டது தண்ணி ஓடிப்போற பக்கம். இந்தக் குளத்துக்குத் தண்ணி கொண்டு வாற கனகராயன் ஆறு வடக்க பார்த்து ஓடுது, அதால தண்ணியோட சேர்ந்து வடக்க பார்த்துத் திரும்பி நில்லுங்கோ, உங்கட இடக்கைப் பக்கம் மேற்கு, கிளிநொச்சி டவுன் பக்கம், அது இடதுகரை. வலக்கைப் பக்கம் கிழக்கு, முரசுமோட்டைப் பக்கம், அது வலதுகரை. உலகத்தில எந்த ஆத்துக்குப் போனாலும் கரைக்கு இடம் வலம் சொல்லுறது இந்தக் கணக்கில தான், தண்ணி போற பக்கம் முகத்தைத் திருப்பு, பிறகு சொல்லு.

இவ்வளவும் ஒரே விசயத்தைத் தான் சொல்லுது. மாட்டுக்கு வண்டில் போற பக்கம் முன், வாகனத்துக்கு ட்ரைவர் பார்க்கிற பக்கம் முன், வாய்க்காலுக்குத் தண்ணி போற பக்கம் முன், நோயாளிக்கு அவரின்ர மூக்குப் பக்கம் முன். முன்னைப் பிடிச்சா இடம் வலம் தன்பாட்டில வந்திடும்.

வழி சொல்லேக்க திசை நல்லதா கை நல்லதா

அம்மம்மா ஆக்கள் வழி சொல்லேக்க இடம் வலம் எண்டு சொல்லினதை நான் கேட்டதே குறைவு. "கோயிலுக்குக் கிழக்கால போற ஒழுங்கை", "கிணத்துக்கு வடக்கால" எண்டு தான் சொல்லுவினம். அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்துப் பக்கம் குகு யிமிதிர் எண்டு ஒரு பழங்குடி மொழி இருக்குது, அதைப் பேசிற ஆக்கள் பக்கத்தில இருக்கிற சாமானுக்குக் கூட இடம் வலம் சொல்லாம வடக்கு தெற்கு எண்டு திசையாலயே சொல்லுவினம். எங்கட அம்மம்மாவின்ர கதையும் அதுக்குக் கிட்டத்தான் எண்டு எனக்கு எப்பவும் ஒரு சந்தோசம்.

திசையில ஒரு பெரிய வசதி, ஆர் எந்தப் பக்கத்தால வந்தாலும் மாறாது. முல்லைத்தீவு ரோட் மாங்குளம் சந்திக்குக் கிழக்க. வவுனியாவில இருந்து வந்தாலும் கிழக்க, கிளிநொச்சியில இருந்து வந்தாலும் கிழக்க. அத்தான் "கிழக்க திரும்புங்கோ" எண்டு சொல்லியிருந்தா சித்தப்பா மல்லாவிப் பக்கம் போயிருக்கமாட்டார். பரந்தனும் அதே மாதிரி, கிழக்க முல்லைத்தீவு போற ஏ35, மேற்க பூநகரி ரோட். கிளிநொச்சியில இருந்து வந்தா பூநகரி லெப்ட், ஆனையிறவுப் பக்கத்தால வந்தா பூநகரி ரைற். ஏ9 கரையில தேங்காய் உடைச்சு கச்சான் வாங்கிற முறிகண்டிப் பிள்ளையார் கோயிலும் அப்பிடித் தான், போகேக்க ஒரு கைப்பக்கம் வரேக்க மற்றக் கைப்பக்கம்.

ஆனா திசை தெரியாத ஆளுக்கு, இல்லாட்டி இரவில, இல்லாட்டி மாரி மூட்டத்தில சூரியன் தெரியாத நேரம், கிழக்கு எண்டு சொல்லி என்ன பிரியோசனம். அப்ப "எங்க இருந்து வாறியள்" எண்டு முதல் கேட்டுப்போட்டு இடம் வலம் சொல்ல வேணும். நான் இப்ப வழி கேக்கிற எல்லாரிட்டயும் இதைத் தான் முதல் கேக்கிறன், பிறகு தான் மிச்சக் கதை.

அப்ப சுருக்கமா, இடத்தை அடையாளம் காட்டத் திசை நல்லது, ஓடிற விதிக்குக் கைக்கணக்கு நல்லது. வரம்பில பார்த்த மாதிரி, "கிழக்குப் பக்கம் ஓடு" எண்டு விதி போட்டா எல்லாரும் முட்டுவினம், அதால தான் எந்த நாட்டிலயும் ரோட்டு விதி திசையில எழுதப்படேல்ல.

லேன் எண்டா என்ன

லேனும் ஒழுங்கையும் ஒண்டெண்டு கனபேர் நினைக்கினம், இங்கிலீசில ரெண்டுக்கும் ஒரே சொல் எண்டபடியால். விலாசத்தில வாற ஒழுங்கை எண்டது ஒரு சின்னத் தெரு. வாகனம் ஓடிறதில வாற லேன் எண்டது ஒரு ரோட்டை நீளவாக்கில பிரிச்சு, ஒரு வரிசை வாகனம் போறதுக்கு விட்ட கீலம். இனி நான் லேன் எண்டு சொல்லுறது இந்தக் கீலத்தை மட்டும் தான்.

வயலில பாத்தி கட்டிற மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. வெள்ளைக்கோடு தான் வரம்பு. வன்னிக்குள்ள ஏ9இல கூடுதலான தூரத்துக்கு நடுவில ஒரு கோடு, போறதுக்கு ஒரு லேன், வாறதுக்கு ஒரு லேன், அவ்வளவு தான். அதால எங்கட ரோட்டில "லேன் மாறி முந்திறது" எண்டா அது எதிரில வாறவரின்ர லேனுக்குள்ள போய் வாறது. இது நல்லா மனசில இருக்க வேணும். வீடியோவில காட்டிற லேன் மாற்றம் ஒரே பக்கம் போற ரெண்டு மூண்டு லேனுக்குள்ள நடக்கிறது, அதில எதிரில ஆரும் வரமாட்டினம். பெயர் ஒண்டு எண்டு நினைச்சு அதை இஞ்ச செய்தா உயிருக்கு ஆபத்து.

நடுக்கோடு துண்டு துண்டா இருந்தா, எதிரில ஒண்டும் இல்லையெண்டு வடிவாத் தெரிஞ்சா முந்தலாம். முழுக்கோடா இருந்தா தாண்டக் கூடாது. ரெண்டு கோடும் பக்கத்தில பக்கத்தில இருந்து ஒண்டு முழுசு ஒண்டு துண்டு எண்டால், உங்களுக்குக் கிட்ட இருக்கிற கோடு தான் உங்களுக்கு, மற்றது எதிரில வாறவருக்கு.

ஒரே பக்கம் போக ரெண்டு லேன் இருக்கிற ரோட்டுக்கு வருவம், 2011இல திறந்த தெற்கு அதிவேகப் பாதை மாதிரி. அங்க இடது லேன் போறதுக்கு, வலது லேன் முந்திறதுக்கு, முந்தி முடிய திரும்ப இடது லேனுக்கு வந்திட வேணும். இதைக் கனடாவில இருக்கிற மச்சானுக்குச் சொன்னா "இல்லை மச்சான், வலது லேன் தான் போறதுக்கு, இடது லேன் தான் முந்திறதுக்கு" எண்டு நிப்பான். அவனின்ர நாட்டில அது சரி. அங்க எல்லாரும் வலப்பக்கம் ஓடினம். அதால நான் சொல்லிக் குடுக்கேக்க இடம் வலத்தை விட்டிட்டு கரை லேன், நடு லேன் எண்டு சொல்லுறனான். கரையோர லேன் போறதுக்கு, நடுப்பக்க லேன் முந்திறதுக்கு. இது கொழும்பிலயும் சரி, ரொறொன்ரோவிலயும் சரி, மாறாது.

இன்னொண்டும் பெரும்பாலும் மாறாது: ட்ரைவர் இருக்கிற பக்கம். இடப்பக்கம் ஓடிற நாட்டில ஸ்ரியறிங் வலப்பக்கம், வலப்பக்கம் ஓடிற நாட்டில ஸ்ரியறிங் இடப்பக்கம், கிட்டத்தட்ட எல்லா நாட்டிலயும் ட்ரைவரின்ர தோள் நடுக்கோட்டுப் பக்கம் தான் இருக்கும், எதிரில வாறதை அவர் தான் வடிவாப் பார்க்க வேணும் எண்டபடியால். பஸ்ஸின்ர வாசல் அதுக்கு நேர் எதிர், எப்பவும் கரைப்பக்கம், எங்களுக்கு இடப்பக்கம். வெளிநாட்டில இருந்து வந்து வாகனம் எடுத்து, எந்தப் பக்கம் ஓடிறம் எண்டு ஒரு நிமிசம் தடுமாறிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, உங்கட உடம்பு நடுக்கோட்டுப் பக்கம் இருக்குதோ எண்டு பாருங்கோ, இருந்தா நீங்கள் சரியான பக்கத்தில தான் நிக்கிறியள்.

ரைற்றுக்குத் திரும்பிறது ஏன் கஷ்டம்

திரும்ப மாங்குளம் சந்திக்கு வருவம். அத்தான் கிளிநொச்சியில இருந்து வந்து லெப்டில முல்லைத்தீவு ரோட்டுக்குத் திரும்பேக்க ஆரின்ர பாதையையும் வெட்டேல்ல, கரையோடயே வளைஞ்சு போயிடுவார். சித்தப்பா வவுனியாவில இருந்து வந்து ரைற்றில திரும்பேக்க, யாழ்ப்பாணத்தில இருந்து வாற முழு வாகனத்தின்ர பாதையையும் குறுக்க வெட்டித் தான் போக வேணும். ஒரே சந்தி, ஒரே ரோட், ஆனா ஒருத்தருக்கு லேசு மற்றவருக்குக் கவனம் வேணும்.

அதால ரைற்றில திரும்பிற ஆள் முன்னமே கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, நடுக்கோட்டுக்குக் கிட்ட வந்து நிண்டு, எதிர்ப்பக்கம் காலியாகத் திரும்ப வேணும். எங்கட பக்கம் மோட்டச்சைக்கிள் ஓடிற கனபேர் கடைசி மட்டும் இடக்கரையோட போய், சந்தியில டக்கெண்டு குறுக்க வெட்டினம். பின்னால வாற பஸ்காரருக்கு அந்த மோட்டச்சைக்கிள் நேர போகப்போகுது எண்டு தான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச பிள்ளையள் ரெண்டு பேர் இப்பிடித் திரும்பி அடிபட்டவை, அதுக்குப் பிறகு தான் இந்த விசயம் எனக்குச் சும்மா பகிடி இல்லையெண்டு ஆனது. நடுக்கோட்டுப் பக்கம் வாறது துணிச்சலுக்கு இல்லை, பின்னால வாறவருக்கு நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டு காட்டிறதுக்கு.

சுத்துவட்டமும் கோயில் வலமும்

சுத்துவட்டம் (ரவுண்டபவுட்) எந்தப் பக்கத்தால சுத்திறது எண்டு லேனர்ஸ் பிள்ளையள் கனபேர் கேக்கினம். கோயிலில எப்பிடி வலம் வாறியள்? மூலஸ்தானம் உங்கட வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரித் தானே. அதே மாதிரித் தான் இஞ்ச சுத்துவட்டம், நடுத் திட்டு எப்பவும் உங்கட வலக்கைப் பக்கம் இருக்க வேணும், மணிக்கூட்டுக் கம்பி சுத்திற பக்கம் தான் நீங்களும் சுத்துவியள். அதுக்குள்ள ஏற்கனவே சுத்திறவை உங்கட வலப்பக்கத்தால தான் வருவினம், அதால வலப்பக்கத்தால வாறவருக்கு விட்டிட்டுத் தான் உள்ளுக்குப் போக வேணும். கனடா, பிரான்சில இது அப்பிடியே மாறி, திட்டு இடக்கைப் பக்கம் வரும்.

மற்ற நாடு ஏன் மாறி ஓடுது

உலகத்தில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்குச் சனம் இடப்பக்கம் ஓடிற நாடுகளில இருக்குது. பிரித்தானியாவில 1835இல வந்த வீதிச் சட்டம் இடப்பக்கம் ஓடிறதை விதியாக்கினது, அவை ஆண்ட இடங்களில கனக்க அதைப் பிடிச்சுக்கொண்டன, இலங்கையும் அப்பிடித் தான். யப்பான் பிரித்தானியாக்குக் கீழ இருக்காமலே இடப்பக்கம் ஓடிற நாடு. எது உசத்தி எண்டு இதில ஒண்டும் இல்லை, ஒரு நாட்டில எல்லாரும் ஒரே பக்கம் ஓடினாச் சரி.

மாத்தலாமோ எண்டு கேட்டா, மாத்தியிருக்கினம். சுவீடன் 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி விடிய 5 மணிக்கு இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கத்துக்கு மாறினது, சுத்தி இருந்த நாடுகள் வலப்பக்கம் ஓடினதும் அங்க இருந்த கார்களில கூடப்பங்குக்கு ஸ்ரியறிங் இடப்பக்கம் இருந்ததும் தான் காரணம். சமோவா 2009 செப்டெம்பர் 7ஆம் திகதி மற்றப் பக்கமா, வலத்தில இருந்து இடத்துக்கு மாறினது, அவுஸ்திரேலியா நியூசிலாந்தில இருந்து பழைய வாகனத்தை மலிவா எடுக்கலாம் எண்டு.

புலம்பெயர்ந்த எங்கட ஆக்கள் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம். லண்டன், சிட்னி ஆக்களுக்கு இஞ்ச ஓடிறது பழகின பக்கம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே ஆக்களுக்குத் தான் மாறும். சித்தப்பா அண்டைக்கு ஏ9இல சுட்டெரிக்கிற வெயிலில சிக்னல் போடப் போய் ஒவ்வொரு தரமும் வைப்பரைப் போட்டுக்கொண்டு வந்தவர், பின்னால இருந்த பிள்ளையள் சிரிச்சு வயிறு நொந்ததுகள். இஞ்ச ஓடிற யப்பான் வாகனங்களில சிக்னல் தடி ஸ்ரியறிங்குக்கு வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம், அவரின்ர காரில அது மாறி. கியரும் இஞ்ச இடக்கையால. ஆனா காலுக்குக் கீழ இருக்கிறது மாறாது, எந்த நாட்டிலயும் கிளச் இடது, பிரேக் நடு, அக்சிலேற்றர் வலது.

கனபேருக்குத் தெரியாத ஒண்டு, டிம் லைற். இடப்பக்கம் ஓடிற நாட்டு வாகனத்தில டிம் லைற்றின்ர வெளிச்சம் இடக்கரைப் பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் நடுப்பக்கம் தாழ்ந்தும் விழுற மாதிரிச் செய்திருப்பினம், கரையில நடக்கிற ஆள் தெரியவும் எதிரில வாறவருக்குக் கண் கூசாம இருக்கவும். மற்ற நாட்டுக்குச் செய்த லைற்றை இஞ்ச பூட்டினா உயர்ந்த வெளிச்சம் நேர எதிரில வாறவரின்ர கண்ணுக்குப் போகும்.

"ரைற்" எண்ட சொல்லால வாற குழப்பம்

பஸ்ஸில கொண்டக்டர் "ரைற்" எண்டா எடு, போ எண்டு கருத்து. சோதினைக்கு "ரைற்" எண்டா சரி. ரோட்டில "ரைற்" எண்டா வலப்பக்கம். மூண்டும் ஒரே சொல். மோட்டச்சைக்கிளில பின்னுக்கு இருக்கிற ஆள் "இந்தச் சந்தியோ?" எண்டு கேட்டதுக்கு "ரைற் ரைற்" எண்டு தலையாட்ட, ஓடிற ஆள் வலப்பக்கம் வெட்டின கதை ஊரில ஒவ்வொரு வீட்டிலயும் ஒண்டு இருக்கும். வழி சொல்லேக்க "ஓம்" எண்டு சொல்லிப் பழகுங்கோ, வலப்பக்கத்துக்கு "சோத்துக்கைப் பக்கம்" எண்டு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், பிழை விட வழியே இல்லை. எனக்கு எல்லாத்திலயும் பிடிச்ச சொல் அது, திசையும் வேண்டாம் இங்கிலீசும் வேண்டாம், சாப்பிடிற கையை நினைச்சாக் காணும்.

லாண்ட்மாஸ்டர் இறக்கத்தில ஏன் மாறித் திரும்புது

லாண்ட்மாஸ்டர் எண்டது கையால பிடிச்சு ஓடிற ரெண்டு சில்லு ரக்ரர். அதின்ர இடக்கைப் பிடியை அமத்தினா இடப்பக்கம் திரும்பும் எண்டு நம்பி, குளக்கட்டு இறக்கத்தில அமத்த வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போன கதை வன்னியில எத்தினை. இதைப் "பேய் பிடிச்ச மிசின்" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். காரணம் வலு நேரானது.

லாண்ட்மாஸ்டருக்கு ஸ்ரியறிங் இல்லை, ரெண்டு கைபிடியிலயும் ஒவ்வொரு கிளச் இருக்குது. இடக்கைக் கிளச்சை அமத்தினா இடது சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு விடுபடும். சமதரையில எஞ்சின் சில்லைத் தள்ளுது, இடது சில்லுக்குத் தள்ளு இல்லை, வலது சில்லு மட்டும் முன்னுக்குப் போக மிசின் இடப்பக்கம் திரும்பும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது.

இறக்கத்தில நிலைமை தலைகீழ். பின்னால கொழுவின பெட்டியில நெல்லு மூட்டையோட இறங்கேக்க பாரம் பின்னால இருந்து தள்ளுது, எஞ்சின் சில்லைப் பிடிச்சு மெதுவாக்குது. அப்ப இடக்கைக் கிளச்சை அமத்தினா இடது சில்லைப் பிடிச்சுக்கொண்டிருந்த எஞ்சின் விட்டிடும், அது கட்டில்லாம வேகமா உருளும், வலது சில்லை எஞ்சின் இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கும். வேகமா உருளுற இடது சில்லு முந்த, மிசின் வலப்பக்கம் திரும்பும். அதால தான் பழகின ஆக்கள் இறக்கத்தில கிளச்சைத் தொடாம, குறைஞ்ச கியரில மெதுவா இறக்கி, கைபிடியைத் தள்ளித் திருப்பினம்.

பெரிய ரக்ரரில பெட்டியோட பின்னுக்கு எடுக்கிறதும் இதுக்குச் சொந்தம். பெட்டி இல்லாம பின்னுக்கு எடுக்கேக்க ஸ்ரியறிங்கை இடப்பக்கம் வெட்டினா வால் இடப்பக்கம் போகும். பெட்டி கொழுவினாப் பிறகு, ரக்ரரின்ர வால் இடப்பக்கம் போய்ப் பெட்டியின்ர மூக்கை இடப்பக்கம் தள்ள, பெட்டியின்ர பின்பக்கம் வலப்பக்கம் போகும். அதால பெட்டி எந்தப் பக்கம் போக வேணுமோ அதுக்கு மற்றப் பக்கம் வெட்ட வேணும்.

நடக்கிற ஆள் எந்தப் பக்கம்

வாகனம் இடப்பக்கம் எண்டபடியால் நடக்கிறவையும் இடப்பக்கம் தான் நடக்க வேணும் எண்டு பள்ளிக்கூடப் பிள்ளையள் கூட நினைக்கினம். நடைபாதை இல்லாத ரோட்டில நடக்கிறவை வலப்பக்கம், எதிரில வாற வாகனத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேணும். இடப்பக்கம் நடந்தா உங்களுக்குக் கிட்ட வாற வாகனம் முதுகுக்குப் பின்னால வரும், அதுக்கு நீங்கள் ஒதுங்க ஏலாது. வலப்பக்கம் நடந்தா கிட்ட வாறது கண்ணுக்கு முன்னால வரும். சைக்கிள் எண்டா வேற, அது வாகனம், இடப்பக்கம் தான் ஓட வேணும்.

ரோட்டைக் கடக்கேக்க இஞ்ச முதல் வலப்பக்கம் பார்க்க வேணும், கிட்ட இருக்கிற லேனில வாகனம் அந்தப் பக்கத்தால தான் வரும். பிறகு இடம், திரும்பவும் வலம். லண்டனில வெளிநாட்டு ஆக்கள் மறந்திடுவினம் எண்டு கனக்க இடத்தில "வலப்பக்கம் பார்" எண்டு ரோட்டிலயே எழுதி விட்டிருக்கினம்.

எங்கட ரோட்டில லைற் இல்லாத துண்டுகள் கனக்க, மாடும் படுத்துக் கிடக்கும். ரியூசன் முடிஞ்சு இரவில நடந்து வாற பிள்ளையளுக்கு வெள்ளைச் சட்டை ஒண்டு போட்டு, கையில ஒரு டோர்ச் குடுத்து, வலக்கரையால வரச் சொல்லுங்கோ, டோர்ச்சைக் கால் பக்கமாப் பிடிச்சாக் காணும், எதிரில வாற ட்ரைவரின்ர கண்ணுக்கு அடிக்க வேண்டாம்.